அறுபதுக்கு மேலும் கட்டை வேஷம் கட்டுகிறவர்களுக்கு

தெருக்கூத்து ஜமாக்களின் மூத்த கலைஞர்களுக்கும், அவர்கள் முகம் எழுதும்போது பக்கத்தில் விளக்குப் பிடிக்கும் தம்பிகளுக்கும்,



பங்குனி பிறந்துவிட்டால் நீங்கள் வீடு தங்குவதில்லை. செய்யாறு, ஆரணி, வந்தவாசி, காஞ்சிபுரம் என்று ஊர் ஊராகத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், கடைசியில் பதினெட்டாம் போரும் படுகளமும். ராத்திரி பத்து மணிக்கு மேல் திரை பிடித்தால் வேஷம் கலைப்பது கிழக்கு வெளுத்த பிறகுதான். அத்தனை நேரமும் முகத்தில் வண்ணம் இருக்கிறது. இருபது வயதில் அது பெரிய சேதி இல்லை. அறுபத்தைந்தில் பெரிய சேதிதான். அதைப் பற்றி உங்களிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சென்னையில் மேடை நாடகங்களுக்கு முகம் எழுதுகிறவள். உங்கள் ஜமாக்கள் சிலவற்றோடு வேஷம் கட்டும் கொட்டகையில் விடிய விடிய இருந்திருக்கிறேன். அங்கே பெரியவர்கள் வாயிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே பேச்சு: குரல் இருக்கிறது, கால் இருக்கிறது, முகம்தான் தாங்கவில்லை. துரியோதனன் கட்டியவர் பின்பாட்டுக்குப் போய்விட்டார். பாஞ்சாலி கட்டியவர் பையனிடம் வேஷத்தைக் கொடுத்துவிட்டு ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர்களாக விரும்பி ஒதுங்கியிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எரிச்சலுக்கும் அரிப்புக்கும் பயந்து ஒதுங்குகிறார்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. ஒரு துரியோதனனின் நடைக்குள் நாற்பது வருஷத்து ராத்திரிகள் இருக்கின்றன. அதை ஒரு டப்பா சிவப்புப் பொடி நிறுத்திவிடக் கூடாது.

நான் சொல்ல வந்தது இதுதான்: வேஷத்தை விட வேண்டாம், வேஷத்தின் வண்ணத்தையும் மாற்ற வேண்டாம். முகத்துக்கு எழுதும் முறையையும் குழைக்கும் பொடியையும் மட்டும் வயதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் இன்றும் எழுதுவது உங்கள் வாத்தியார் உங்களுடைய பதினைந்து வயது முகத்தில் எழுதிக் காட்டிய முறை. அந்த முகம் இப்போது இல்லை.

தோலில் என்ன மாறியிருக்கிறது என்று சொல்கிறேன். இளமையில் தோலே தனக்கு வேண்டிய எண்ணெயைச் சுரந்துகொள்ளும். வயது ஏற ஏறச் சுரப்பு குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் சட்டென்று, ஆண்களுக்கு மெதுவாக. மேல்தோலின் செல்களுக்கு நடுவே பூச்சாக இருந்து ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும் கொழுப்பும் குறைகிறது. தோல் மெலிகிறது. பழைய மேல்தோல் உதிர்ந்து புதுத்தோல் வரக் கூடுதல் நாள் ஆகிறது. எல்லாவற்றையும்விட உங்களுக்கு முக்கியமானது இன்னொன்று: தேய்த்தோ சுரண்டியோ மேல்தோலைக் கெடுத்துவிட்டால், இளமையில் சீக்கிரமாகச் சரியாகிக்கொண்டது இப்போது மெதுவாகத்தான் சரியாகிறது. இருபது வயதுக்காரனுக்கு விடிகாலையில் வண்ணம் துடைத்த முகம் மறுநாள் ராத்திரிக்குள் ஓரளவு தேறிவிடும். உங்களுக்குத் தேறாது. தேறாத முகத்தின்மேல் மறுபடி வண்ணம், அதற்கு மறுநாளும் வண்ணம். பாரதத்தில் வரிசையாகக் கூத்து நடக்கும்போது மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எரிச்சல் ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான். முதல் நாள் ஒன்றும் செய்யாத அதே வண்ணம்தான் நான்காம் நாள் சுடுகிறது.

காய்ந்த சுவரில் தண்ணீர் தெளிக்காமல் சுண்ணாம்பு அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சுண்ணாம்பு பொடியாக உதிரும். வறண்ட முகத்தில் தண்ணீரில் குழைத்த வண்ணத்துக்கும் அதே கதிதான். போட்ட அரைமணியில் கன்னத்தில் வெடிப்பு விடும், வாயோரம் பொருக்குத் தட்டும். அதை மறைக்க மேலே இன்னொரு பூச்சு போடுகிறோம். அதுவும் வெடிக்கிறது. பேன் கேக் போட்டாலும் இதேதான். அதில் தூள்தான் அதிகம். எண்ணெய்ப் பசையுள்ள முகத்தில் அழகாக நிற்கும், வறண்ட முகத்தில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் குடித்துவிடும்.

அப்படியானால் எண்ணெயில் குழைத்துப் போடலாமே என்பீர்கள். உங்களில் பலர் அப்படித்தான் தேங்காய் எண்ணெயில் குழைக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் அரைகுறை மருந்து. எண்ணெய் ஈரத்தைக் கொடுக்காது. இருக்கிற ஈரம் ஆவியாகப் போகாமல் மூடி வைக்கும், அவ்வளவே. உள்ளே ஈரமே இல்லாத தோலின்மேல் எண்ணெயைத் தடவினால் அது வறட்சியைத்தான் மூடி வைக்கும். அதோடு, எண்ணெய் கூடுதலாக இருக்கும் வண்ணம் சூட்டில் இளகிச் சுருக்கங்களுக்குள் ஓடிச் சேரும். இரண்டு மணிக்குப் பார்த்தால் நெற்றியில் நீங்கள் எழுதாத கோடுகளெல்லாம் சிவப்பாகத் தெரியும்.

எனவே வேலை கொட்டகையில் தொடங்கக் கூடாது. கூத்து நாளன்று மத்தியானமே தொடங்க வேண்டும். முகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். குளியல் சோப்பை முகத்துக்குப் போடாதீர்கள். பெரும்பாலான சோப்பு காரம், தோலோ லேசான அமிலத் தன்மை உள்ளது, காரம் பட்டால் வறண்ட தோல் இன்னும் வறளும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊரில் சோப்பு நுரைக்காமல் பிசுக்காகப் படியும், அந்தப் பிசுக்கே அரிக்கும். கழுவிய முகத்தைத் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இன்னும் ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிஷத்துக்குள், தேங்காய் எண்ணெயோ வாசனை சேர்க்காத வெள்ளை வாசலினோ மெல்லத் தடவிவிடுங்கள். உள்ளே போன தண்ணீர் உள்ளேயே நிற்கும். பன்னீரில் கலந்த கிளிசரின் பழக்கமுள்ளவர்கள் அதைப் போட்டு மேலே எண்ணெய் தடவலாம். கிளிசரினைக் கலக்காமல் அப்படியே போடாதீர்கள், அது தோலுக்குள் இருக்கும் ஈரத்தையே வெளியே இழுக்கும்.

இது மத்தியான வேலை. சாயங்காலம் வேஷத்துக்கு உட்காருவதற்கு அரைமணி முன்னால் இதையே இன்னொரு தடவை, கொஞ்சமாக. உட்கார்ந்ததும் மேலே மிதக்கும் எண்ணெயைப் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். தொட்டால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டக் கூடாது, ஆனால் தோல் இழுக்கவும் கூடாது. அந்தப் பதம் வந்தால் போதும். வண்ணம் பாதி அளவுதான் செலவாகும், இரண்டு மடங்கு நேரம் நிற்கும்.

சவரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேஷம் கட்டுவதற்குச் சற்று முன்னால் சவரம் செய்துகொண்டு வருகிறவர்கள் நிறைய. வயதான தோல் தொய்வாக இருப்பதால் பிளேடு இழுத்துக்கொண்டு போகும், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அந்தக் கீறல் வழியாகத்தான் பொடி உள்ளே இறங்குகிறது. காலையிலேயே சவரத்தை முடித்துவிடுங்கள். முந்தின நாளே முடிந்தால் இன்னும் நல்லது.

இனி எழுதும் முறை. பெரும்பாலானவர்கள் இடது கையால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் பூசுகிறீர்கள். இளம் தோல் விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும், கோடு கோணாது. முதிர்ந்த தோலை இழுத்து எழுதிவிட்டு விட்டால் சுருக்கம் மடியும்போது கோடு துண்டு துண்டாகும். இழுக்காதீர்கள். முகத்தைத் தளர விட்டு, கண்ணாடியை நேராகப் பார்த்து எழுதுங்கள். பிறகு ஒரு தடவை பல்லைக் கடித்து உறுமிப் பாருங்கள், புருவத்தை ஏற்றிப் பாருங்கள், ஆட்டத்தில் என்னென்ன முகம் காட்டுவீர்களோ அதையெல்லாம் காட்டிப் பாருங்கள். வண்ணம் சேர்ந்து மடியும் இடம் தெரியும். அந்த மடிப்பில் வண்ணத்தை விரல் நுனியால் ஒற்றி எடுத்து மெலிதாக்கிவிடுங்கள். மடிப்பை நிரப்பப் பார்ப்பதுதான் தவறு. நிரப்பினால் ஒரு மணி நேரத்தில் கோடாக வெடிக்கும்.

அடி வண்ணத்தை விரலால் இழுத்துத் தேய்க்காமல் ஈரப் பஞ்சால் தட்டித் தட்டி வையுங்கள். கெட்டியாக ஒரே பூச்சு வேண்டாம். மெல்லிய ஒரு பூச்சு, அது காயும் வரை ஒரு வெற்றிலை போடும் நேரம், பிறகு தேவையான இடத்தில் மட்டும் இன்னொரு மெல்லிய பூச்சு. துரியோதனனுக்கும் துச்சாதனனுக்கும் சிவப்பு வேண்டும் என்பதால் கெட்டியாகப் போட்டால்தான் சிவப்பு என்று நினைக்கிறோம். அப்படியில்லை. நெற்றி நடுவிலும் கன்ன மேட்டிலும் மூக்கிலும் சிவப்பு அழுத்தமாக இருந்தால் பார்க்கிறவர்கள் கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் மெலிதாக விடலாம். ஆட்டத்தில் அதிகம் அசைகிற இடங்கள் அவைதான், சீக்கிரம் வெடிப்பதும் அங்கேதான்.

வெள்ளைப் புள்ளிகளையும் கறுப்புக் கோடுகளையும் ஈர்க்குச்சியால் வைக்கிறீர்கள். அந்தக் கைவேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஈர்க்குச்சி நுனி வயதான தோலுக்குக் கூர்மை அதிகம். கன்னத்திலும் கழுத்திலும் பாலுண்ணியும் மருவும் முளைத்திருக்கும் வயது இது. குச்சி பட்டால் ரத்தம் வரும். நுனியில் துளி பஞ்சைச் சுற்றிக்கொள்ளுங்கள், அல்லது அந்தக் கோட்டுக்கு மட்டும் மெல்லிய தூரிகை எடுங்கள். கண்ணுக்கு வருவோம். வயதாகும்போது மேலிமை தொங்கும். பழைய இடத்திலேயே மை தீட்டினால் கண்ணைத் திறந்ததும் கோடு இமைக்குள் மறைந்துவிடும், கண் சின்னதாகத் தெரியும். கண்ணைத் திறந்தபடியே, மடிப்புக்குச் சற்று மேலே ஏற்றி எழுதுங்கள். கடைக்கண்ணில் கோட்டைக் கீழே இறக்காமல் மேலே தூக்குங்கள். திரைக்கு மேலே கிரீடமும் கண்ணும் மட்டும் தெரிகிற அந்த முதல் வரவில் கண்தான் எல்லாம் பேசுகிறது. அந்தக் கண்ணைத் தொங்கும் இமைக்குள் விட்டுவிடாதீர்கள்.

பெண் வேஷம் கட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பூச்சு எல்லாரையும்விடக் கெட்டி. காரணம் எனக்குத் தெரியும்: தாடி மயிரின் கருநீல நிழல் வெளியே தெரியக் கூடாது. இருபத்தைந்து வயதில் அதற்கு இரண்டு மூன்று பூச்சு வேண்டும்தான். இப்போது உங்கள் தாடி நரைத்துவிட்டது. நரை மயிருக்கு நிழல் இல்லை. நீங்கள் மறைத்துக்கொண்டிருப்பது இப்போது அங்கே இல்லாத ஒன்றை. பழக்கத்தால் போடும் அந்த அடிப் பூச்சை விட்டுவிட்டுப் பாருங்கள். பாஞ்சாலி முகம் முகமாகவே தெரியும், சபையில் நின்று அவள் அழும்போது கன்னம் அசைவது கடைசி வரிசைக்கும் தெரியும். உதட்டுச் சிவப்பு மேலுதட்டின் சின்னச் சுருக்கங்கள் வழியே கசியும். முதலில் உதட்டோரம் பவுடரை ஒற்றி, மெழுகுப் பென்சிலால் கரை கட்டிவிட்டு உள்ளே நிரப்புங்கள். கழுத்தையும் மறக்க வேண்டாம். முகம் ரோஸாகவும் கழுத்து வேறாகவும் இருந்தால் விளக்கில் பளிச்சென்று தெரியும்.

குந்தி, திருதராட்டிரன் போன்ற வேஷங்களில் சுருக்கத்தை மூடவே வேண்டாம் என்பது என் கட்சி. இளைஞன் ஒருவனை முதியவனாக்க நான் மேடையில் ஒரு மணி நேரம் கோடு கோடாக எழுதுகிறேன்; அப்படியும் அது எழுதின கோடாகத்தான் இருக்கும். உங்களிடம் அது இயல்பாகவே இருக்கிறது. மெல்ல ஒரு நிறம் கொடுத்து, மடிப்பின் மேட்டில் கொஞ்சம் வெளிச்சம் வைத்தால் போதும்.

இன்றைய வெளிச்சமும் உங்களுக்கு எதிராக இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் மஞ்சளுக்காக அமைந்த வண்ணங்கள் உங்களுடையவை. அந்த மஞ்சளில் சிவப்பு கனிந்து தெரியும், வெடிப்பு தெரியாது. இப்போது கம்பத்தில் கட்டும் எல்இடி விளக்கு பால் வெள்ளை. ஒவ்வொரு பொருக்கையும் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்து நீங்கள் பூச்சைக் கூட்டுகிறீர்கள், நிலைமை மோசமாகிறது. முடிந்தால் மஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடி போடச் சொல்லுங்கள், அதே விலைதான். கைப்பேசியில் கிட்டத்தில் எடுத்த படத்தைப் பார்த்து மனம் சங்கடப்படாதீர்கள். உங்கள் முகம் முப்பது அடி தூரத்தில் கோரைப்பாயில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக எழுதப்பட்டது, அவர்களுக்கு அது சரியாகத்தான் தெரிகிறது.

அடுத்தது பொடி. இதில் நான் கொஞ்சமும் இளக மாட்டேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அரிதாரக் கல் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த தாது. சித்த வைத்தியத்தில் தாளகம் என்பதும் அதுவே. அங்கே அதைச் சுத்தி செய்யாமல் தொட மாட்டார்கள். நாமோ அரைத்து முகத்தில் பூசியிருக்கிறோம். சாதிலிங்கத்தில் பாதரசம் இருக்கிறது. செந்தூரம் என்ற பெயரில் விற்கும் ஆரஞ்சுச் சிவப்புப் பொடியில் ஈயம் இருக்கக்கூடும். நல்ல தோல் இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தும்தான். சவரக் கீறலும் வெடிப்பும் உள்ள தோல் நிறுத்தாது. வியர்வையோடு வாய்க்குள் போவதையும் யாரும் நிறுத்த முடியாது. ஆர்சனிக் வருஷக் கணக்கில் உள்ளே போனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய் காய்க்கும், உடம்பில் மழைத்துளி விழுந்த மாதிரி நிறப் புள்ளிகள் வரும். உங்கள் கையில் அப்படி இருந்தால் ஆட்டத்தால் வந்த காய்ப்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். என்ன பூசினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இதெல்லாம் வீண் பயம் என்று நினைப்பவர்களுக்கு ஜப்பான் கபுகியில் நடந்ததைச் சொல்கிறேன். 1887இல் சக்கரவர்த்தி முன்னிலையில் கபுகி நடந்தது. பெண் வேஷத்தில் பேர்பெற்ற நாகமுரா ஃபுகுசுகே மேடையில் நின்றபோது கால் நடுக்கம் நிற்கவில்லை. நாள்தோறும் முகத்திலும் கழுத்திலும் பூசிய வெள்ளையில் இருந்த ஈயம் உடம்பில் ஏறியதே காரணம் என்று தெரியவந்தது. அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். அதன் பிறகு அந்த நாட்டில் ஈயமில்லாத வெள்ளையைத் தேடுவது மும்முரமானது. கபுகி அழியவில்லை. வெள்ளை முகமும் போகவில்லை. பொடி மட்டும் மாறியது.

நம் நாட்டிலும் அழகுப் பொருள்களில் ஆர்சனிக், ஈயம் கலந்த நிறமிகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. நிறமியில் தானாகக் கலந்திருக்கக்கூடிய அளவுக்கும் வரம்பு உண்டு: பத்து லட்சம் பங்கில் ஆர்சனிக் 2, ஈயம் 20. பொட்டலத்தில் பேரும் ஊரும் இல்லாமல் மடித்துக் கொடுக்கும் பொடிக்கு இந்தச் சட்டம் எட்டாது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இரும்பு ஆக்சைடு நிறமி இருக்கிறது, வெள்ளைக்கு ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் இருக்கின்றன. முகத்துக்கென்று செய்து, உறையில் விவரம் அச்சிட்டு விற்பதை வாங்குங்கள். கோலப்பொடி, சுவர் வண்ணத்துக்கான பொடி, ஹோலிப் பொடி எதுவும் முகத்துக்கு ஆகாது. விலை கூடுதல்தான். ஒரு டப்பாவை ஜமா முழுக்கச் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் மையை மட்டும் பங்கிடாதீர்கள். ஒருவர் கண் வலி அடுத்த கூத்துக்குள் ஜமா முழுக்க வந்துவிடும். வயதானால் கண்ணே வறண்டுதான் இருக்கும், நோய்த்தொற்றை எளிதில் பிடித்துக்கொள்ளும்.

தம்பிகளே, இனி உங்களிடம். கேரளத்தில் 1930இல் தொடங்கிய கலாமண்டலத்தில் கதகளி கற்பிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே முகத்தின் ஓரத்தில் வெள்ளைக் கரையாகச் சுட்டி வைப்பதைத் தனிப் படிப்பாகவே கற்பிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆடுகிறவர் பாயில் மல்லாந்து படுத்திருப்பார், சுட்டிக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து மணிக் கணக்கில் வேலை பார்ப்பார். 1937இல் பிறந்த கலாமண்டலம் கோபி ஆசான் எண்பதைத் தாண்டியும் பச்சை வேஷம் கட்டினார் என்றால், தேர்ந்த சுட்டிக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டதற்கும் அதில் பங்கு இருக்கும் என்று நான் நம்புகிறேன். நம் கூத்தில் அவரவர் முகத்தை அவரவரே எழுதுவது வழக்கம். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் கண்பார்வை மங்கி, கை லேசாக நடுங்கும் வாத்தியாருக்குப் புள்ளி வைக்கிற வேலையையாவது நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவராகக் கேட்க மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும். தொடும்போது விரலின் அழுத்தம் தெரியக் கூடாது. எரிகிறதா என்று நடுநடுவே கேளுங்கள். எரிகிறது என்றால் அந்த இடத்தை உடனே துடைத்துவிடுங்கள், பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வியர்வையில் வண்ணம் இளகும்போது துடைக்காமல் ஒற்றி எடுத்து, அதே இடத்தில் பஞ்சால் தட்டிவிட வேண்டும். முதியவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் கொடுப்பதும் உங்கள் வேலை.

வேஷம் கலைப்பதில்தான் அதிகமாகக் கெடுக்கிறோம். விடிகாலை, உடம்பு முழுக்க அலுப்பு, வேன்காரர் அவசரப்படுத்துகிறார். துணி சோப்பைப் போட்டு வரட்டு வரட்டென்று தேய்த்துக் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி வண்ணத்தோடு வேனில் தூங்கிப்போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டாம். கை நிறைய எண்ணெய் எடுத்து முகம் முழுக்கத் தடவிக்கொண்டு கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கழற்றத் தொடங்குங்கள். அதையெல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்து முடிப்பதற்குள் எண்ணெய் வண்ணத்தை இளக்கியிருக்கும். மெல்லிய துணியால் மேலிருந்து கீழாக வழித்து எடுங்கள். மறுபடியும் எண்ணெய், மறுபடியும் துணி. அதன் பிறகு தண்ணீர். கடைசியில் ஈர முகத்தில் ஒரு தடவல். வரிசையாகக் கூத்து இருக்கும் நாள்களில் இந்தக் கடைசித் தடவலை விட்டால் மத்தியானம் செய்யும் எதுவும் பலிக்காது.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோல் கூடுதலாக வறளும், புண் சீக்கிரம் ஆறாது. நீர் பிரியக் கொடுக்கும் ரத்த அழுத்த மாத்திரையும், கொழுப்புக் குறைய எடுக்கும் மாத்திரையும் சிலருக்கு வறட்சி தரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் வேஷத்தின் மரக்கட்டைகளை வைத்து இறுக்கிய இடமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றிப்போகும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் தொழிலைச் சொல்லுங்கள். பல மருத்துவர்களுக்கு முன்னால் நீங்கள் விவசாயி என்றோ கூலி வேலை என்றோதான் சொல்லிக்கொள்கிறீர்கள். ராத்திரி முழுக்க முகத்தில் வண்ணம் இருக்கிறது என்று தெரியாமல் அவர் எப்படி வைத்தியம் பார்ப்பார்? கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்த நாடு இது. கூத்துக்காரன் என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

திருவிழா நடத்தும் ஊர்ப் பெரியவர்கள் கண்ணில் இந்த மடல் பட்டால் அவர்களிடமும் ஒரு கோரிக்கை. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிக்கிறீர்கள். வேஷம் கட்டும் இடத்தில் நல்ல தண்ணீர் இரண்டு வாளி, விடிகாலையில் கொஞ்சம் வெந்நீர், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, நிழல் விழாத ஒரு விளக்கு. இவை இருந்தால் நான் மேலே சொன்னதில் பாதி நடந்துவிடும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் கலைஞர்களின் உடல்நிலையைப் பற்றி யோசிக்கும்போது தோலையும் உள்ளங்கையையும் பார்க்கிற ஒரு பரிசோதனையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறேன்.

பெரியவர்களே, இவற்றைப் பாரதத்துக்கு நடுவில் சோதிக்காதீர்கள். கூத்தில்லாத கார்த்திகை, மார்கழியில் ஆரம்பியுங்கள். பனிக்காற்றில் தோல் இன்னும் வறளும் மாதங்கள் அவை. அப்போது தாங்கிய முறை சித்திரையிலும் தாங்கும். புது வண்ணத்தை முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பூசி இரண்டு நாள் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் முகத்தில் பாதிக் கன்னத்துக்கு மட்டும் ஒரு மாலை முழுக்க வைத்திருந்து பாருங்கள். அதுவும் தாங்கினால் முழு முகத்துக்கு எழுதி ஒரு மணி நேரம் பாடி ஆடிப் பாருங்கள். எது நின்றது, எது வெடித்தது, எத்தனை எண்ணெய்க்கு எத்தனை பொடி என்பதைத் தம்பிகளில் ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். அந்த நோட்டைப் பக்கத்து ஜமாவுக்கும் கொடுங்கள். பின்பாட்டுக்குப் போன அந்தத் துரியோதனனைக் கூப்பிட்டு முதலில் அவர் கையில் பூசிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் முகங்களைப் பார்த்துத் தொழில் கற்ற ஒப்பனைக்காரி